லெய்சாவி தைத்த கடல்

லெய்சாவி எங்கள் ஊருக்கு வந்தது ஒரு ஜூலை மாதம்; ஆஸ்திரேலியாவில் அது நடுக் குளிர்காலம். ஆட்டுக்கறி ஃபேக்டரிக்கு வனுவாட்டுத் தீவுகளிலிருந்து ஆள் எடுத்திருந்தார்கள். வேனிலிருந்து இறங்கிய கூட்டத்தில் அவளும் ஒருத்தி. புல்லெல்லாம் உறைபனி பிடித்து வெள்ளையாய்க் கிடந்த காலை. அவள் காலில் ரப்பர் செருப்பு. மறுநாளே யாரோ அவளை எங்களிடம் அனுப்பிவைத்தார்கள்.

எங்களிடம் என்றால், நான் வேலை பார்க்கும் இடத்துக்கு. வாசல் பலகையில் அதற்கு நீளமான பெயர் உண்டு. எங்கள் ஊர் விர்ரபில்லாவில் யாரும் அதைச் சொல்வதில்லை. 'ஹவுஸ்' என்றால் போதும். முன்பு வங்கியாக இருந்த கட்டடம். உதவித்தொகை நின்றுபோனவர்கள், அரசாங்கத்திலிருந்து வந்த காகிதம் புரியாதவர்கள், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வண்டியில்லாதவர்கள், வண்டியும் பணமும் இருந்தும் வீட்டுக்குள் தனியாக உட்கார்ந்திருக்க முடியாதவர்கள் எல்லாரும் வருவார்கள். கெட்டிலில் எப்போதும் வெந்நீர் இருக்கும். பின்கட்டில், பணப்பெட்டகம் இருந்த அறையில், ஊரார் கொடுத்த பழைய கோட்டுகள் தொங்கும்.

லெய்சாவி கோட்டுக்குத்தான் வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். குள்ளம், அகலமான முகம், சிரித்தால் கையால் வாயை மூடிக்கொள்வாள். பெண்கள் கோட்டு இரண்டு மூன்று எடுத்துக் காட்டினேன். அவள் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, ஆண்பிள்ளை போடும் பழுப்புக் கோட்டு ஒன்றை எடுத்தாள். கை நீளம் அவள் விரல் நுனியைத் தாண்டித் தொங்கியது. இது உனக்குப் பெரிசும்மா என்றேன். "தெரியும் அக்கா. இது கல்மெட் அளவு," என்றாள். கல்மெட் அவள் புருஷன். அவன் இங்கே வரப்போகிறானா என்று கேட்டேன். இல்லையாம். அவன் டோங்கோவா தீவில், அவர்கள் வீட்டில், பிள்ளைகளோடு இருக்கிறானாம். அளவுக்காகத்தான் எடுத்துக்கொண்டாளாம். அந்தக் கோட்டோடு அவள் குளிர்காலம் முழுவதும் ஊருக்குள் நடந்தாள்.

புயல் அவர்கள் வீட்டுக் கூரையை எடுத்துக்கொண்டு போயிருந்தது. மூத்தவள் ரோலினுக்குப் பள்ளிக்கூடச் செலவு. அவளுக்குக் கீழே அபெல் என்று ஒரு சின்னப் பையன். ஆள் எடுக்க வந்தவர்கள் ஆண்களில் நிறையப் பேரைக் கழித்துவிட்டு இவளை எடுத்தார்கள். கல்மெட்டுக்கு அது வருத்தமா என்று ஒருமுறை கேட்டேன். வருத்தம் இல்லையாம், கேலி பேசிய ஆட்களிடம், 'என் பொண்டாட்டி பிளேன்ல போறா, உங்க பொண்டாட்டி கிணத்துக்குத்தான் போறா' என்று சொன்னானாம். அதைச் சொல்லும்போது வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

ஃபேக்டரியில் அவள் பேக்கிங் பிரிவில் இருந்தாள். நாளெல்லாம் குளிரறைக் காற்றில் நின்று ஆட்டுக்காலை உறையில் போட்டு, பெட்டியில் அடுக்கி, நாடா போட்டுக் கட்டும் வேலை. சாயங்காலம் குவார்ட்டர்ஸில் துணி துவைக்கும் அறையில் நின்று போன் பேசுவாள். அங்கேதான் சத்தம் வெளியே கேட்காது. அந்தப் பக்கம் கல்மெட் பள்ளிக்கூடத்து மேட்டுக்கு ஏறி வந்தால்தான் டவர் கிடைக்கும். மழை பெய்தால் வரமாட்டான். வந்தால் பிள்ளைகளையும் கூட்டி வருவான். ரோலினுக்கு அவன் பின்னிவிட்ட தலையைப் பார்த்து இவள், ஆட்டுக்கொம்பு மாதிரி இருக்கிறது என்று திட்டுவாள். அவன் மறுநாள் அதைவிட மோசமாகப் பின்னிக் காட்டுவானாம், இவளைச் சிரிக்கவைக்க.

வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போய்வர அவளுக்கு அனுமதி உண்டு, சொந்தச் செலவில். முதல் வருஷம் அந்தப் பணம் கூரைக்குப் போனது. இரண்டாம் வருஷமும் எதற்கோ போனது.

புதன்கிழமை மத்தியானம் ஹவுஸில் கைவேலைக் கூட்டம். லெய்சாவியின் ஷிஃப்ட் அன்றைக்குச் சீக்கிரம் முடியும். முதலில் சூடான ஸ்கோன் ரொட்டி தின்னத்தான் வந்தாள். பிறகு ஊசி எடுத்தாள். அவள் தையல் எங்கள் யார் தையலைவிடவும் சிறந்தது என்றெல்லாம் இல்லை. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்தால் நேரம் போவது தெரியாது. ஃபேக்டரி மேலாளர் நடப்பதை நடந்து காட்டுவாள். அவர் மனைவி ஜோய்ஸ் அந்தக் கூட்டத்தில்தான் இருப்பாள். எல்லாரையும்விட அவள்தான் அதிகம் சிரிப்பாள்.

அந்த வருஷம் நாங்கள் ஊர்ப் போர்வை தைத்துக்கொண்டிருந்தோம். விர்ரபில்லாவை மேலிருந்து பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படி, கம்பளித் துணியில். ஆளுக்கு ஒரு கட்டம்; அவரவர் இருக்கும் இடத்தை அவரவர் தைக்க வேண்டும். கோதுமைக் கிடங்கு, தேவாலயம், நீச்சல் குளம், ஓட்டல், வாய்க்கால், கடைசியில் குப்பைமேடு. கூட்டத்துக்குத் தலைவி டல்சி. தபால் ஆபீஸை முப்பது வருஷம் நடத்தியவள், எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். தையல் கோணினால் பிரித்துக் கையில் கொடுத்துவிடுவாள். அவளைக் கண்டால் எங்களுக்குப் பயம். அவள் இல்லாத புதன்கிழமை எங்களுக்குப் பிடிக்காது.

லெய்சாவி தன் கட்டத்தைக் கொண்டுவந்து மேசைமேல் விரித்தாள். பாதிக்கு மேல் நீலம். நீலத்தில் மூன்று நான்கு விதம், ஒன்றுக்குள் ஒன்று கலக்கும்படி தைத்திருந்தாள். கரையில் ஒரு வீடு. மரம். கதவுப் பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான்.

டல்சி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தாள். "இது என்னம்மா?"

"கடல், டல்சிம்மா."

"நம்ம ஊர்ல கடல் எங்கருந்து வந்துது? வாய்க்கால்லயே வருஷத்துல பாதி நாள் தண்ணி இல்ல."

"இது எங்க வீட்டு முன்னாடி இருக்கற கடல்."

"அது உங்க ஊரு. இது விர்ரபில்லா போர்வை. அவங்கவங்க இருக்கற இடத்தைத்தானே தைக்கச் சொன்னேன்? நீ குவார்ட்டர்ஸைத் தை."

லெய்சாவி துணியின் ஓரத்தை இழுத்து நேராக்கினாள். பிறகு, "அங்க நான் தூங்கறேன். அவ்வளவுதான்," என்றாள். நீலத் துணிமேல் உள்ளங்கையை வைத்தாள். "இருக்கறது இங்க."

ஜோய்ஸ் எழுந்துபோய்க் கெட்டிலைப் போட்டாள். ஒருத்தருக்கு ஒரு நியாயம் இன்னொருத்தருக்கு ஒரு நியாயம் என்று இருக்க முடியாது, இன்றைக்குக் கடலை விட்டால் நாளைக்கு யாராவது பாரிஸைத் தைத்துக்கொண்டு வருவார்கள் என்றாள் டல்சி. லெய்சாவி துணியை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். கோபமாகப் போகவில்லை, எல்லாரிடமும் சொல்லிக்கொண்டுதான் போனாள். அடுத்த புதன் வரவில்லை. அதற்கடுத்த புதனும் வரவில்லை.

நான் அவளைத் தேடிப் போனேன். குவார்ட்டர்ஸ் என்பது நெடுஞ்சாலை ஓரம் இருந்த பழைய மோட்டல். கோபித்துக்கொண்டு இருப்பாள் என்று நினைத்துப் போன எனக்கு ஆச்சரியம். கதவைத் திறந்தவள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். ஆட்டுக்காலை அடுக்குகிறவள் கை, எலும்பு நொறுங்கிப்போகும். கல்மெட்டை எடுத்துவிட்டார்களாம். ஆஸ்திரேலியாவுக்கு. ஒரு பருவத்து வேலை, சர்க்கரைவள்ளிக் கிழங்குத் தோட்டத்தில். போன வாரமே வந்து இறங்கிவிட்டானாம். பிள்ளைகள் அவன் தங்கச்சி வீட்டில்.

"எந்த ஊர்ல?" என்றேன்.

"பண்டபெர்க். இங்கருந்து எந்த பஸ் அக்கா போகும்? காலைல போனா சாயங்காலம் திரும்பிடலாமா? ஞாயித்துக்கிழமை லீவுதானே ரெண்டு பேருக்கும்."

போனில் வரைபடத்தை எடுத்து அவள் பக்கத்தில் கட்டில்மேல் உட்கார்ந்தேன். இது நாம் இருக்கிற இடம் என்று காட்டினேன். பிறகு விரலால் மேலே தள்ளினேன். தள்ளிக்கொண்டே போனேன். மாநில எல்லை வந்தது, போனது. அவள் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். டோங்கோவாவை ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நடந்து கடக்கலாம். காலையில் புறப்பட்டால் சாப்பாட்டு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று அவளே எனக்குச் சொல்லியிருக்கிறாள்.

"ஒரே நாடுதானே அக்கா?"

"ஒரே நாடுதான் கண்ணு. நாடு பெரிசு."

அவள் போனை வாங்கிக்கொண்டாள். கிழக்கே தள்ளித் தன் தீவைத் தேடினாள். திரும்பிப் பண்டபெர்க்குக்கு வந்தாள். பிறகு எங்கள் ஊர். "அவர் வீட்லயே இருந்திருந்தாலும் எனக்கு ஒண்ணுதான் போலிருக்கே," என்று சொல்லி முதலில் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றுபோய், ஸ்வெட்டர் கையை விரல்கள் மறையும்வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். வீட்டில் இப்போது யாருமே இல்லை அக்கா என்றாள். பூட்டிக் கிடக்கிறது. இத்தனை நாள் அவர் அங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டே தூங்கினேன், இனி எதை நினைப்பது என்றாள். டீ போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்த புதன் கூட்டத்தில் இதைச் சொன்னேன். ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். டல்சி தையலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. காதில் விழுந்ததா என்றுகூடத் தெரியவில்லை.

டல்சியின் கணவர் ஆர்தர் பக்கத்துப் பெரிய ஊரில் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருந்தார். மறதி நோய். செவ்வாயும் வெள்ளியும் எங்கள் ஹவுஸ் பஸ் ஆஸ்பத்திரி போகிறவர்களை ஏற்றிக்கொண்டு அங்கே போகும். டல்சி முன்சீட்டில் உட்கார்ந்து போவாள். சில நாள் அவர் அவளைத் தெரிந்துகொள்வார். சில நாள், தபால் எப்போது வரும் என்று கேட்பார். திரும்பி வரும்போது அவள் எதுவும் சொல்ல மாட்டாள். நாங்களும் கேட்க மாட்டோம்.

மறுநாள் காலையில் நான் இன்னும் பல் தேய்க்கவில்லை, போன் அடித்தது. டல்சி. வடக்கே டூவூம்பா என்ற ஊரில் செப்டம்பரில் மலர் விழாவோடு ஒரு கைவேலைக் கண்காட்சி நடக்கிறதாம். நம் போர்வையை அதற்குக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டாளாம். நான் திகைத்துப்போனேன். வடக்கே இருப்பவர்களுக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியாது என்று பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பவள் அவள்.

"நம்ம பஸ்லயே போகலாம். கொலின் ஓட்டுவான். போர்வை கனம் வெர்னா, தூக்கிப் பிடிக்க ஆள் வேணும். நல்லா உயரமா, பலமா. அந்தத் தீவுப் பொண்ணைக் கூப்பிடு."

"அவ உங்க தோள் உயரம்கூட இல்லையே டல்சி."

"கை பலம் இருக்கில்ல," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

நான் வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். பண்டபெர்க்கிலிருந்து டூவூம்பாவுக்குப் பிரிஸ்பேன் வழியாகப் பஸ் உண்டு. ஒரு பகல் பயணம்.

அந்த வாரமே டல்சி குவார்ட்டர்ஸுக்குத் தனியாக நடந்து போயிருக்கிறாள். அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. கட்டிலில் உட்கார்ந்து, கொடுத்ததைத் தின்று, கண்ணாடியை மறந்துவிட்டுப் போய்விட்டாள் என்று மற்றப் பெண்கள் சொன்னார்கள். அடுத்த கூட்டத்துக்கு லெய்சாவியின் கட்டம் வந்தது. டல்சியே அதைப் போர்வையின் தெற்கு ஓரத்தில், குப்பைமேட்டுக்குக் கீழே வைத்துத் தைத்தாள். "ஊர் இங்க முடியுது. அதுக்கப்புறம் எது வேணா இருக்கலாம்," என்றாள். பாரிஸ் என்று ஜோய்ஸ் மெல்ல முணுமுணுத்தாள். லெய்சாவியின் லீவு விஷயத்தை ஜோய்ஸே வீட்டில் பேசி முடித்துவிட்டாள்.

செப்டம்பரில் கிளம்பினோம். வழியெல்லாம் கடுகுப்பூ மாதிரி கனோலா மஞ்சளாய்ப் பூத்துக் கிடந்தது. கொலின் ஓட்டினான், முன்பு ஆட்டு உரோமம் கத்தரித்தவன், முதுகு போனபிறகு எங்கள் பஸ்ஸுக்கு வந்தவன். பின்சீட்டில் போர்வை, அதன் பக்கத்தில் லெய்சாவி, அவள் மடியில் ஐஸ் பெட்டி. பெட்டிக்குள் லாப்லாப். கிழங்கைத் துருவித் தேங்காய்ப்பால் ஊற்றி இலையில் பொதிந்து சுடுவது. வாழையிலைக்கு எங்கே போவது, பசலைக்கீரையும் அலுமினியத் தாளும் வைத்துக் குவார்ட்டர்ஸ் ஓவனில் சுட்டிருந்தாள். கொலின் பள்ளத்தில் விடும்போதெல்லாம் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வாள். முதல் நாள் நன்றாகப் பேசிக்கொண்டு வந்தாள். இரண்டாம் நாள் எல்லை தாண்டியதும் பேச்சு நின்றுவிட்டது. ஓரிடத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி வாந்தியெடுத்தாள். டல்சி இறங்கிப்போய் அவள் கூந்தலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கல்மெட்டின் பஸ் சனிக்கிழமை சாயங்காலம் வருவதாக இருந்தது. லெய்சாவி மத்தியானமே குளித்து, தங்கள் ஊர்ப் பாவாடைச் சட்டையை, நாடாவும் ரேந்தையும் தொங்குமே அந்தச் சிவப்பு உடையை, இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டாள். பஸ் நிலையத்துக்கு நான்தான் கூடப்போனேன். தனியாக விடாதே அக்கா என்று அவள் கேட்டாள்.

அவன் கடைசியாக இறங்கினான். ஒல்லியான ஆள். நல்ல வெள்ளைச் சட்டை, கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அவள் ஓடவில்லை. அவனும் நடையை வேகப்படுத்தவில்லை. கிட்ட வந்ததும் இருவரும் கை குலுக்கிக்கொண்டார்கள், ஏதோ ஆபீஸில் புதிதாகச் சேர்ந்தவர்கள் மாதிரி. கையை விடவில்லை; ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவும் இல்லை. அவள் அவன் காலர் ஓரத்தில் இல்லாத நூலை எடுத்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "இவர்தான் ரோலின் அப்பா," என்றாள்.

நேராகக் கண்காட்சிக் கூடத்துக்கு வந்தோம், மூடுவதற்கு இன்னும் நேரம் இருந்தது. டல்சி போர்வைக்குப் பக்கத்தில் காவலாள் மாதிரி நின்றிருந்தாள். கல்மெட் தொப்பியைக் கழற்றி அவளுக்கு வணக்கம் சொன்னான். தோட்டம் எப்படி, சாப்பாடு எப்படி என்று அவள் விசாரித்தாள். லெய்சாவி கூடத்துக்கு வெளியே பெஞ்சில் லாப்லாப்பைப் பிரித்து வைத்தாள். அவன் ஒரு வாய் போட்டுக்கொண்டு அவளைப் பார்த்தான்.

"சர்க்கரைவள்ளியா?"

"வேற கிழங்கு கிடைக்கல."

"நாள் முழுக்க இதைத்தானே தோண்டறேன் ரோலின் அம்மா. ராத்திரி கனவுலயும் இதான் வருது." சொல்லிக்கொண்டே இரண்டாவது துண்டை எடுத்தான். அவள் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அப்போதுதான் இரண்டு பேரும் முதல்முறையாக நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள்.

அவன் டல்சியிடம் பண்டபெர்க்கைப் பற்றிச் சொன்னான். கரும்புக் காட்டோரம் கருங்கல் சுவர்கள் இருக்கின்றனவாம். அந்தக் காலத்தில் கரும்பு வெட்டக் கப்பலில் கொண்டுவந்த தீவு ஆட்கள், நிலத்தில் கிடந்த கல்லைப் பொறுக்கி அடுக்கிய சுவர். ஞாயிற்றுக்கிழமைகளில் போய் அதன்மேல் உட்கார்ந்திருப்பானாம்.

"அவங்க எல்லாம் வீட்டுக்குத் திரும்பிப் போனாங்களா?" என்று டல்சி கேட்டாள்.

"கொஞ்சம் பேர் போனாங்க," என்றான்.

பிறகு போர்வையைப் பார்க்க உள்ளே போனார்கள். லெய்சாவி அவனுக்கு ஊரைக் காட்டினாள். இது ஃபேக்டரி, இது ஹவுஸ், இங்கேதான் ஸ்கோன் கிடைக்கும். கடைசியில் கீழ் ஓரத்துக்கு வந்தாள். அவனுக்கு இடம் விட்டு நகர்ந்து நின்றாள். அவன் குனிந்து பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். ஆங்கிலம் கலந்த அவர்கள் பாஷை எனக்குப் பாதிதான் புரியும். அன்றைக்கு முழுவதும் புரிந்தது.

"நல்லா இருக்கு. ஆனா கதவு இப்ப இந்தப் பக்கம் இல்ல," என்றான்.

"எது?"

"வீட்டுக் கதவு. கூரை போடறப்பவே மாத்திட்டேன். மேட்டைப் பார்த்து வெச்சிருக்கேன். புயல்காத்து கடல் பக்கமிருந்துதானே வருது."

அவள் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்குச் சொல்லவே இல்லையே."

"கதவுதானே. இதைப் போய் என்ன சொல்றது? போன்ல இருக்கற நேரம் கொஞ்சம்."

"வாசல்ல உக்காந்தா கடல் தெரியாதா இப்ப?"

"தெரியாது. பின்பக்கமா சுத்தி வரணும்."

"அப்ப நீங்க சாயங்காலம் எங்க உக்காருவீங்க?"

அவன் பதில் சொல்ல யோசித்தான். யோசித்தபோதுதான் அவனுக்குப் புரிந்தது என்று நினைக்கிறேன், அவள் கேட்டது கதவைப் பற்றி இல்லை என்று. "உக்காரறதே இல்ல," என்றான். "நீ போனப்புறம் உக்காரவே இல்ல."

டல்சி என் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

மோட்டலில் எனக்கும் லெய்சாவிக்கும் ஒரு அறை, டல்சிக்குத் தனி அறை, கொலினுக்கு ஒன்று என்று ஏற்பாடு. கல்மெட் கொலினோடு படுத்துக்கொள்வதாகப் பேச்சு. அப்படித்தான் மோட்டலில் சொல்லியிருந்தோம். சாப்பாடு முடிந்ததும் டல்சி தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்து நின்றாள். தன் அறைச் சாவியை லெய்சாவி கையில் வைத்தாள். "அந்த ரூம்ல கட்டில் பெரிசு, எனக்கு முதுகு வலிக்குது. நான் வெர்னாவோட படுத்துக்கறேன். குறட்டை விடுவா, பரவால்ல." லெய்சாவி தலையைக் குனிந்துகொண்டாள், அவள் காது மடல்கூடச் சிவந்தது மாதிரி எனக்குத் தோன்றியது. கொலின், பாவம், கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

நான் குறட்டை விட்டேனா தெரியாது. டல்சி தூங்கவில்லை என்று மட்டும் தெரியும்.

மறுநாள் அவனுடைய பஸ் மத்தியானம். காலையில் இருவரும் கடைத்தெருவுக்குப் போய் அபெலுக்குக் காலணி வாங்கினார்கள். அளவு தெரியவில்லை. இவள் கையை விரித்து இவ்வளவு இருக்கும் என்றாளாம். அவன் அதைவிடப் பெரிதாக விரித்தானாம். கடைசியில் அவன் காட்டியதற்கும் ஒரு அளவு கூடுதலாக வாங்கினார்கள். பஸ் நிலையத்தில் மறுபடியும் கை குலுக்கிக்கொண்டார்கள். பஸ் திரும்பி மறைகிற வரைக்கும் அவள் கையை ஆட்டவில்லை, வெறுமனே நின்றாள். எங்களோடு வந்து ஏறினாள், போர்வையை ஒழுங்காக மடித்தாள், எல்லாருக்கும் ஆரஞ்சு உரித்துக் கொடுத்தாள். அது அவன் கொண்டுவந்த பையில் இருந்த ஆரஞ்சு. குண்டிவிண்டி தாண்டியபிறகு ஒரு பெட்ரோல் பங்கில் சாண்ட்விச் வாங்கினோம். முதல் கடியிலேயே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. வாயில் ரொட்டியை வைத்துக்கொண்டே அழுதாள். கொலின் வண்டியைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டினான்.

போர்வைக்குப் பரிசு கிடைக்கவில்லை. அளவுகள் சரியாக இல்லை, குளம் தேவாலயத்தைவிடப் பெரிதாக இருக்கிறது என்று நடுவர் எழுதியிருந்தார். டல்சி அதைப் பற்றி விர்ரபில்லா வரும்வரை பேசிக்கொண்டே வந்தாள்.

கல்மெட் பருவம் முடிந்து கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஊருக்குத் திரும்பினான். இருவரும் ஒரே நாட்டில் இருந்த அத்தனை மாதத்தில் பார்த்துக்கொண்டது அந்த ஒருமுறைதான். லெய்சாவி ஒப்பந்தம் முடிகிற வரைக்கும் இருந்தாள். நீட்டித்துத் தருகிறோம் என்று ஃபேக்டரியில் சொன்னார்கள். அவள் வேண்டாம் என்றாள். நாங்கள் ஹவுஸில் விருந்து வைத்தோம். டல்சி பேசுவதாக இருந்தது. எழுந்து நின்றாள், எல்லாரும் சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் விடியற்காலை வேனில் லெய்சாவி போனாள். அதற்கப்புறம் புதன்கிழமை மத்தியானங்கள் நீளமாகிவிட்டன. மேலாளர் நடப்பதை யாரும் நடந்து காட்டுவதில்லை. ஒருமுறை ஜோய்ஸ் முயன்றாள், சரியாக வரவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் போன் செய்வாள். ஊருக்குப் போன புதிதில் அபெல் அத்தை பின்னால் ஒளிந்துகொண்டானாம். தூங்கும்போது மட்டும் அவள் பக்கத்தில் வந்து படுத்துக்கொள்வானாம், காலையில் எழுந்ததும் மறுபடி கூச்சம். அதெல்லாம் சரியாகிவிட்டது. ரோலின் இப்போது அவளைவிட உயரம். கூரைக்குப் பின் தண்ணீர்த் தொட்டி, தொட்டிக்குப் பின் இன்னொன்று என்று செலவு வளர்ந்துகொண்டே போகிறது. அதனால் கல்மெட் ஒவ்வொரு வருஷமும் பண்டபெர்க்குக்கு வருகிறான். பள்ளிக்கூடத்து மேட்டுக்குப் போனைத் தூக்கிக்கொண்டு ஏறுவது இப்போது அவள். கதவை மறுபடி கடல் பக்கம் மாற்றிவிடலாமா என்று ஒருதரம் யோசித்தார்களாம். வேண்டாம் என்று விட்டுவிட்டார்களாம், காற்று அப்படி.

போன ஞாயிறு அவள் உறைபனி பெய்கிறதா என்று கேட்டாள். பெய்கிறது, இன்றைக்குக் காலையில்கூட என்றேன். காலையில் நடக்கும்போது மூக்கு நுனி வலிக்குமே, அது இல்லாமல் என்னவோ மாதிரி இருக்கிறது அக்கா என்றாள். நான் சிரித்தேன். பிறகு டல்சியைக் கேட்டாள். ஆர்தர் இறந்துபோனதை முன்பே சொல்லியிருந்தேன்.

"இன்னும் பஸ்ல போறாங்களா?"

"வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை போறாங்க."

"அங்க போய் என்ன செய்வாங்க?"

"ஆர்தர் இருந்த இடத்துல ஒரு டீ குடிச்சிட்டு வண்டி திரும்பற வரைக்கும் உக்காந்திருப்பாங்க. கொலின் சொன்னான்."

அவளுக்குப் பின்னால் கோழி கத்தியது. ரோலின் என்னவோ கேட்டாள் போலிருக்கிறது. லெய்சாவி போனைப் பிடித்தபடியே திரும்பி, தங்கள் பாஷையில் அவளுக்கு நீளமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் போனைக் காதில் வைத்தபடி காத்திருந்தேன்.